க்ளிப்பு டைட் பண்ணுற சனிக்கிழமை

நம்ம வயசுல நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா, பேச்சு எங்க சுத்தினாலும் கடைசியில முழங்கால்லயோ பல்லுலயோதான் வந்து நிக்கும். முழங்கால் கதையை நீங்க சொல்லுங்க. என்கிட்ட இருக்கிறது பல்லுக் கதை. அதுவும் என் பல்லு இல்ல, எங்க அக்கா பல்லு. அம்பத்தாறு வயசுல கூடப் பிறந்தவளைப் பத்தி இப்படி வயித்தெரிச்சலோட பேசறாளேன்னு யாராவது முகம் சுளிச்சா சுளிச்சுக்கோங்க. எனக்கு அப்பவும் எரிஞ்சுது, இப்பவும் எரியுது. இதுல மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.

எங்க வீடு மேற்கு தாம்பரத்துல, ரயில்வே லைன்ல இருந்து மூணாவது தெரு. அப்பாவுக்குக் குரோம்பேட்டையில ஒரு தோல் கம்பெனியில வேலை. நாங்க ரெண்டு பொண்ணுங்க. அக்காவுக்கு அப்போ பதினாலு, எனக்குப் பதினொண்ணு. ரெண்டு பேருக்குமே பல்லு சரியில்ல. அக்காவுக்கு மேல ஒரு தெத்துப்பல்லு, அதுக்குப் பக்கத்துல ரெண்டு பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கும். எனக்கு முன்பல்லு ரெண்டும் தூக்கிக்கிட்டு, வாயை மூடினாலும் வெளிய எட்டிப் பார்க்கும். நியாயமா பார்த்தா என்னுதுதான் பெரிய கேஸு. ஸ்கூலுக்கு வந்து எல்லார் வாயையும் பார்த்த டாக்டர் அம்மா, எங்க ரெண்டு பேர் கையிலயும் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. அப்பா ரெண்டு சீட்டையும் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் சுத்தினாரு. மூணாவது நாள் தட்டுல கை வெச்சுக்கிட்டே சொன்னாரு.

"பெரியவளுக்கு மொதல்ல போட்டுடலாம். அவளுக்குத்தானே மொதல்ல மாப்பிள்ளை பாக்கணும்."

"அப்போ எனக்கு?"

"உனக்கு இன்னாடி அவசரம்? அப்புறம் பாத்துக்கலாம்"னு அம்மா முடிச்சு வெச்சாங்க.

அந்த அப்புறம் வரவே இல்ல. என் முன்பல்லு ரெண்டும் இன்னும் அப்படியேதான் இருக்கு, நம்பலன்னா நேர்ல வந்து பாருங்க.

சிட்டியில இருந்த பெரிய பல் ஆஸ்பத்திரியில அக்காவுக்கு க்ளிப்பு போட்டாங்க. இப்போ மாதிரி பல்லு மேல சின்னதா பொட்டு வெச்சு ஒட்டுறது இல்ல. ஒவ்வொரு பல்லுக்கும் மோதிரம் மாட்டின மாதிரி ஒரு வளையம், எல்லாத்தையும் சேர்த்து ஒரு கம்பி. அவ வாயைத் திறந்தா டியூப்லைட்டு வெளிச்சத்துல மின்னும். தெருவுல இருந்த பசங்க அவளைக் கிண்டல் பண்ணினாங்க. நான் மட்டும் அந்தக் கம்பியைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். எனக்கு அது நகை மாதிரி இருந்துச்சு.

மாசத்துல ஒரு சனிக்கிழமை க்ளிப்பை டைட் பண்ணணும். அன்னிக்கு அப்பா அரை நாள் லீவு போடுவாரு. அப்பாவும் அக்காவும் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி பார்க் ஸ்டேஷன் போவாங்க. அப்பா ஜன்னலோரம் அக்காவுக்கு இடம் பிடிச்சுக் குடுத்துட்டு நின்னுக்கிட்டே வருவாராம். இதை அக்காவே சொன்னா, பெருமையா. எங்க அப்பா ஆறு நாள் வேலைக்குப் போய், ஏழாவது நாள் தூங்குற மனுஷன். அவரோட தனியா ஒரு மணி நேரம் டிரெயின்ல உட்கார்ந்து போறதுன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? பதினொரு வயசு வரைக்கும் எனக்கு அந்த யோகம் அடிக்கல. "நானும் வரேன்"னு ஒரு தடவை செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல போய் நின்னேன். "உனக்கு அங்க இன்னா வேலை? உன் பல்லையா பாக்கப் போறாங்க?"ன்னு அம்மா கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டாங்க.

சாயந்திரம் திரும்பி வரும்போது அக்கா முகம் வீங்கின மாதிரி இருக்கும். தோள்ல தொங்குற துணிப்பையோட நேரா உள்ள ரூமுக்குப் போயிடுவா. அப்பா குழாயடியில கால் கழுவிட்டு வந்து, என்னைப் பார்த்து லேசா சிரிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நிப்பாரு. ஒவ்வொரு மாசமும் அப்படித்தான். என்னை விட்டுட்டுப் போனதும் இல்லாம சிரிப்பு வேறயான்னு எனக்குப் பத்திக்கிட்டு வரும். வெடுக்குனு முகத்தைத் திருப்பிப்பேன். அவரும் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு நகர்ந்துடுவாரு.

அதுக்கு அப்புறம் ரெண்டு நாள் எங்க வீட்டுல ராஜ உபசாரம். ரசம் சாதத்தை மத்தால கடைஞ்சு, நெய் விட்டு, வெதுவெதுப்பா அக்காவுக்கு. இட்லியைப் பால்ல ஊறப் போட்டு அக்காவுக்கு. பல்லு தெறிக்குதும்மான்னு அவ முனகினா அம்மா உப்புத் தண்ணி கலந்து குடுத்து, கொப்பளிக்கிற வரைக்கும் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. கம்பி நுனி கன்னத்துல குத்தி புண்ணாயிடும். அதுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு வழி சொன்னாங்க. அவங்க வீட்டுல ஜெபத்துக்கு ஏத்தி மிச்சமான மெழுகுவர்த்தி நிறைய இருக்கும். அதுல துளி கிள்ளி, விரல்ல உருட்டி, கம்பி முனையில ஒட்டிட்டா குத்தாது. தெருவுலயே ஃப்ரிட்ஜ் இருந்ததும் அந்த ஆன்ட்டி வீட்டுலதான். டம்ளரை எடுத்துக்கிட்டு ஐஸ் வாங்கிட்டு வர ஆள் யாரு? நான்தான். வர்ற வழியில ஒரு கட்டியை வாயில போட்டுப்பேன். ஒரு பக்கப் பல்லு மரத்துப் போகும். அக்காவுக்கு இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனைச்சுப்பேன்.

நான் ஒண்ணும் நல்லவ இல்ல, அதையும் சொல்லிடறேன். அந்த ரெண்டு நாளும் நான் வேணும்னே அக்கா பக்கத்துல உட்கார்ந்து அப்பளம் தின்னுவேன். அப்பளத்தைச் சின்னச் சின்னதா உடைச்சுப் போட்டா சத்தம் வராது. முழுசா மடிச்சுக் கடிக்கணும். முறுக்கு கிடைச்சா இன்னும் விசேஷம். அக்கா கடைஞ்ச சாதத்தை நாக்கால தள்ளித் தள்ளி முழுங்கிக்கிட்டே என் வாயைப் பார்ப்பா. அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிக்குவா. எனக்குக் குளுகுளுன்னு இருக்கும்.

ஒரு சனிக்கிழமை எனக்குத் தாங்கல. அம்மாவோட ஹேர்பின் ஒண்ணை எடுத்து, வளைச்சு, என் முன்பல்லு ரெண்டு மேலயும் மாட்டிக்கிட்டேன். ஈறு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. அப்படியே அக்கா பக்கத்துல போய்ப் படுத்துக்கிட்டு நானும் முனகினேன். கடைஞ்ச ரசம் சாதம் எனக்கும் வரும்னு நெனைச்சேன். அக்கா எழுந்து உட்கார்ந்து ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா. "பாரும்மா, என்னைப் பழிப்புக் காட்டுறா!" அம்மா ஓடி வந்து முதுகுல வெச்சாங்க ஒண்ணு. "அவ வலியில துடிக்கிறா, உனக்கு எகத்தாளமாடி?" பழிப்பும் இல்ல, எகத்தாளமும் இல்ல. ஆசை. அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல, வாயில வேற பின்னு.

அப்பாதான் வந்து என் முகத்தை நிமிர்த்தி, விரலை விட்டு அந்தப் பின்னைக் கழட்டினாரு. அவர் விரல்ல தோல் வாசனை, எத்தனை சோப்பு போட்டாலும் போகாது அது. பின்னு உதட்டுல மாட்டிக்கிச்சு, ரெண்டு நிமிஷம் ஆச்சு. அந்த ரெண்டு நிமிஷமும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

அப்பாவைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். அவர் எனக்கு எதையும் நேரா கையில குடுக்க மாட்டாரு. பென்சிலோ, ரிப்பனோ, தீபாவளி மத்தாப்போ, எதுவா இருந்தாலும் அக்கா கையில குடுத்து, "நீ குடு தங்கச்சிக்கு"ன்னுதான் சொல்லுவாரு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு மனை விஷயத்துல சண்டையாகி, ஒரே தெருவுல எதிரெதிரா வந்தாலும் பேச்சு கிடையாது. அதனால, மூத்தது கையால சின்னதுக்கு வந்தாத்தான் ரெண்டும் கடைசி வரைக்கும் ஒட்டி இருக்கும்னு அவர் ஒரு கணக்கு வெச்சிருந்தாரு. அம்மாகிட்ட அப்படித்தான் சொல்லுவாரு. எனக்கு அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. எது வந்தாலும் அக்கா போட்ட பிச்சை மாதிரியே இருக்கும்.

க்ளிப்பு போட்டு ஒரு வருஷம் ஆகப் போற சமயத்துல, உள்ள ரூம்ல எறும்பு வர ஆரம்பிச்சுது. செவ்வெறும்பு. சுவரோரமா வரிசை கட்டி பீரோவுக்கு அடியில போகும். அம்மா மஞ்சப்பொடி தூவிப் பார்த்தாங்க, மண்ணெண்ணெய் ஊத்திப் பார்த்தாங்க. கடைசியா ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட சொல்லி பீரோவை நகர்த்த வெச்சாங்க. பின்னாடி இருந்து ஒரு பிஸ்கட் டின்னு வந்துச்சு. மூடியில ரோஜாப்பூ போட்ட சதுர டின்னு. அது என்னுது. மணியும் உடைஞ்ச வளையலும் போட்டு வெச்சிருந்தேன், பல மாசம் முன்னாடி காணாமப் போய் வீடு முழுக்கத் தேடினேன். அம்மா மூடியைத் திறந்தாங்க. உள்ள என் மணியும் இல்ல, வளையலும் இல்ல. நியூஸ்பேப்பர் பொட்டலமா அடுக்கி இருந்துச்சு. எல்லாம் கடலை உருண்டை. ஒரு பொட்டலம் கூடப் பிரிக்கல, கட்டின நூல் அப்படியே இருந்துச்சு. அடியில இருந்ததை எறும்பு தின்னு, பாகு ஒழுகி, பேப்பரோட ஒட்டிப் போயிருந்துச்சு.

"ஏதுடி இவ்ளோ? யார் கடையில எடுத்த? சொல்லுடி!" தோசைக் கரண்டி கையில இருந்துச்சு அம்மாவுக்கு. முட்டியில ஒண்ணு, முழங்கையில ஒண்ணு. எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாதுன்னு கத்தினேன். டின்னு என்னுது, அப்புறம் யார் நம்புவாங்க? முந்தின நாள்தான் அக்காவுக்கு க்ளிப்பு டைட் பண்ணியிருந்தாங்க. அவ கன்னத்துல கை வெச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்திருந்தா. நீயாவது சொல்லேண்டின்னு அம்மா கேட்டதுக்கு, வாயைக் காட்டி வலிக்குதுன்னு சைகை பண்ணினா.

அப்பா ஒரு பொட்டலத்தைக் கையில எடுத்தாரு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்துச்சு.

"விடு. அவ திருடல"ன்னாரு.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திருடலன்னா திருடல. அடிக்காத"ன்னு சொல்லிட்டு, சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு.

எனக்கு அடி வலிக்கல போங்க. எல்லாரும் திருடின்னு சொல்லும்போது எங்க அப்பா ஒருத்தர் என்னை நம்பினாரு. எத்தனை சனிக்கிழமை அக்கா டிரெயின்ல போனாலும் இது எனக்கு மட்டும் கிடைச்சுது. அதுக்கு அப்புறம் எனக்கு வாழ்க்கையில எத்தனையோ அவமானம் வந்துச்சு. மாமியார் வீட்டுல ஒரு தோடு காணாமப் போய் என்னைச் சந்தேகப்பட்ட நாள்ல கூட, "அவ திருடல"ன்னு அப்பா சொன்னதை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டுத்தான் அழாம நின்னேன்.

ஒண்ணு மட்டும் அப்போ புரியல. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அப்பா குழாயடியில இருந்து வந்து சிரிச்சுக்கிட்டு நிக்கிறதை நிறுத்திட்டாரு. "சின்னவளுக்கு இன்னா செஞ்சாலும் மனசு நெறையாது"ன்னு ஒரு நாள் அம்மாகிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. அப்படி என்னதான் செஞ்சீங்களாம் எனக்குன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அக்காவுக்கு க்ளிப்பு கழட்டினாங்க, பல்லு முத்து முத்தா வந்துச்சு, கல்யாணம் ஆச்சு. எனக்கும் ஆச்சு, இந்தப் பல்லோடவே. அப்பா போய் இருபது வருஷத்துக்கு மேல ஆகுது.

இப்போ விஷயத்துக்கு வரேன். அக்கா நாவலூர்ல மகன் ஃபிளாட்டுல இருக்கா. அம்பத்தொம்பது வயசு. போன வருஷம் அவளுக்குக் கீழ்ப்பல்லு நெருக்க ஆரம்பிச்சு, ஈறு கெட்டுடும்னு சொல்லி டாக்டர் மறுபடியும் க்ளிப்பு போட்டுட்டாரு. கேட்டதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ரெண்டாவது தடவையுமா இவளுக்கேன்னுதான் தோணுச்சு. சிரிக்காதீங்க. க்ளினிக்கு கிழக்கு தாம்பரத்துல. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை டைட் பண்ணிட்டு, சேலையூர்ல இருக்கிற என் வீட்டுக்கு வந்து, சாயங்காலம் வரைக்கும் படுத்து எழுந்து போவா. ரசம் சாதத்தைக் கடைஞ்சு குடுக்கிறது இப்போ யாரு? நான்தான்.

ஒண்ணரை மாசம் முன்னாடி ஒரு சனிக்கிழமை. அவ சோஃபாவுல சாய்ஞ்சு ஐஸ் ஒத்தடம் குடுத்துக்கிட்டு இருந்தா. நான் டி.வி.யைப் பார்த்துக்கிட்டு வறுத்த கடலை தின்னுக்கிட்டு இருந்தேன். சத்தியமா இந்தத் தடவை வேணும்னு பண்ணல.

"எழுந்து அந்தாண்ட போய்த் தின்னுடி"ன்னா.

"ஏன், உன்னை என்ன பண்ணுது?"

"அந்தச் சத்தம். அப்பவும் இதே சத்தம்தான். உன்னை அறையணும் போல இருக்கும்." அப்புறம் டி.வி.யைப் பார்த்துக்கிட்டே சொன்னா. "அந்தக் கடலை உருண்டை உனக்கு வாங்கினதுதான்."

எந்தக் கடலை உருண்டைன்னு கேட்டேன்.

"டின்னுல இருந்தது. ஒவ்வொரு தடவையும் தாம்பரத்துல இறங்கினதும், ஸ்டேஷன் படிக்கட்டாண்ட அப்பா வாங்குவாரு. ஒரு பொட்டலத்துல ஆறு. 'சின்னவளைக் கூட்டிக்கினு வர முடியல, ஏங்கிப் போயிருப்பா, நீ குடு'ன்னு என் கையில வைப்பாரு. எனக்கு வாயெல்லாம் ரணமா இருக்கும். எனக்குன்னு ஒண்ணும் வாங்க மாட்டாரு, கடிக்க முடியாதேன்னு. நீ என் பக்கத்துல உட்கார்ந்து கடக்கு முடக்குன்னு தின்னப் போறியேன்னு நெனைச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்பா அவ்ளோ நேரம் என்கூட வந்தும் உன்னையே நெனைச்சுக்கிட்டு வந்திருக்காரேன்னு வேற இருந்துச்சு. க்ளிப்பு கழட்டினதும் எல்லாத்தையும் நானே தின்னணும்னு சேர்த்து வெச்சேன்."

"எத்தனை பொட்டலம்?"

"பதினொண்ணு."

கடலையைக் கீழ வெச்சேன். அவ திருடலன்னு அப்பா சொன்னது என் மேல இருந்த நம்பிக்கையில இல்ல. வாங்கினவரே அவர்தானே, தெரியாதா என்ன? நாப்பத்தஞ்சு வருஷமா நான் கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருந்தது அது. போச்சு. குழாயடியில நின்னு சிரிச்சது நான் ஓடி வந்து ஏதாவது சொல்லுவேன்னு காத்துக்கிட்டு நின்ன சிரிப்பு. மாசாமாசம் நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். கடைசியா அந்த டின்னைப் பார்த்ததும், தான் ஆசையா வாங்கினதைச் சின்னவ நூலைக் கூடப் பிரிக்காம ஒளிச்சு வெச்சிருக்கான்னு நெனைச்சுக்கிட்டுப் போன மனுஷன், சாகுற வரைக்கும் என்னை அப்படியே நெனைச்சுக்கிட்டுத்தான் போயிருக்காரு.

"பாவி, அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் கல்யாணம் ஆச்சு. அப்புறம் சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு." அவ அழுதா. அழுதா பல்லு இன்னும் வலிக்கும் போல, தாடையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் ஒண்ணும் சமாதானம் பண்ணல. அன்னிக்கு ரசம் சாதத்தைக் கடையாமலே வெச்சேன். அவளும் பருக்கை பருக்கையா முழுங்கிட்டுப் போனா.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மறுபடியும் வந்தா. டைட் பண்ணிட்டு நேரா வராம, ஆட்டோ பிடிச்சு ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்திருக்கா. அந்தப் படிக்கட்டாண்ட இப்போ அந்த வியாபாரம் எல்லாம் கிடையாதாம். கடை கடையா ஏறி இறங்கித் தேடினேன்னா. கன்னம் வீங்கி இருந்துச்சு. செருப்பைக் கழட்டாம வாசல்லயே நின்னு, பையில இருந்து ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டை எடுத்து என் கையில வெச்சா. உள்ள ஆறு உருண்டை.

"இந்தா. அப்பா குடுக்கச் சொன்னாரு."

நான் அங்கேயே வாசப்படியில உட்கார்ந்துட்டேன். பாக்கெட்டைப் பிரிச்சு ஒண்ணை எடுத்து முன்பல்லால கடிச்சேன். யாரும் நேராக்காத பல்லு, நல்லா உறுதியா கடிச்சுது. அவ எதிர்ல நின்னு என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தா.

"நல்லா இருக்கா?"ன்னு கேட்டா.

"நல்லா இருக்குப்பா"ன்னு சொன்னேன்.

அப்புறம் மிச்ச அஞ்சையும் நானே தின்னேன். அவளுக்கு ஒண்ணு கூடக் குடுக்கல.